அண்ணன் கேட்ட கூலிங் கிளாஸ்

1

அண்ணன் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால் எனக்குப் பயமில்லை. குரலாக அனுப்பினால் முதலில் உட்கார இடம் பார்த்துக்கொள்வேன். யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், இல்லையென்றால் நிலத்துக்குப் புரோக்கர் வந்துவிட்டான். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து, எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே கிடக்கும் எங்கள் கருவேலங்காட்டைக்கூட விலை கேட்டு ஆள் வருகிறதாம்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் வந்த குரல் இரண்டிலும் சேராதது.

"ஏலே தம்பி, மீனு பிடிக்கிறவன் ஒரு கூலிங் கிளாஸு போடுறானாமே. அதப் போட்டா தண்ணிக்குள்ள கிடக்கிற மீனு அப்படியே தெரியுதாம், செல்லுல பாத்தேன். நம்ம கம்மாய இந்த வருசம் ஏலம் எடுத்தவன் குஞ்சு விட்டுட்டேன், விட்டுட்டேன்கிறான். எனக்கென்னமோ விட்ட மாதிரி தெரியல. கரையில நின்னு ஒரு பார்வை பாத்துட்டா தீந்துச்சு. அங்கன ஒண்ணு வாங்கி அனுப்பு. சீப்பானதே போதுமா, வெலை கூடுனதுதான் வேணுமான்னு நல்லா விசாரிச்சுக்கோ. ஏமாந்துறாத."

நான் சிரிக்கவில்லை. அண்ணன் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டில் சந்தேகப்படாமல் யாரும் எதையும் வாங்கியதில்லை, விற்றதுமில்லை. பருத்தி மூட்டையோடு அருப்புக்கோட்டைக்குப் போகும்போது அப்பா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போவார். தூக்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. "முள்ளப் பாரு, அவுக மூஞ்சியப் பாக்காத" என்பார். வியாபாரி எங்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்து அப்பாவிடம் ஊர்ச்சேதி கேட்பார். நாங்கள் கலரை உறிஞ்சிக்கொண்டே தராசு முள்ளைப் பார்ப்போம். அந்த வியாபாரி ஒரு நாளும் ஏமாற்றிப் பிடிபடவில்லை. அதனாலேயே அப்பாவுக்கு அவர்மேல் சந்தேகம் வருசத்துக்கு வருசம் கூடிக்கொண்டு போனது.

அண்ணன் கேட்ட நேரத்தில் எனக்கே ஒரு கூலிங் கிளாஸ் வேண்டியிருந்தது. என் வலது கண்ணில், மூக்கோரமாக, வெள்ளையில் ஒரு சதை வளர்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டாக் கடையில் விறகடுப்புக்கு முன்னால் நின்ற காலத்திலேயே அந்தக் கண் சிவக்கும். இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் ஓர் ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறேன். திங்கட்கிழமை ஓட்டலுக்கு லீவு. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கடல் ஊருக்குள் புகுந்துவரும் ஒரு கழி இருக்கிறது. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டு நின்றால் வெயிலும் காற்றும் அடித்து, சாயங்காலம் அந்தக் கண் மிளகாய்ப்பழம் மாதிரி ஆகிவிடும்.

"கண்ணாடி போடாம இனிமே மீன் பிடிக்கப் போகக்கூடாது" என்று சட்டம் போட்டவள் என் மகள் பவித்ரா. இங்கே வரும்போது சின்னப்பிள்ளை. இப்போது காலேஜில் படிக்கிறாள், கார் ஓட்டுகிறாள், எனக்கு இங்கிலீஷும் அவள்தான்.

2

முதலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய துணி, செடி, கொய்யாப்பழம் எல்லாம் விற்கும் சந்தை. சந்தைக்கு மட்டும் பவி வேண்டாம். விலை கேட்பதற்கும் விலையைக் கேட்டு முகத்தைச் சுளிப்பதற்கும் என் இங்கிலீஷே போதும்.

கண்ணாடிக்காரன் ஒரு சின்ன அட்டையை நீட்டினான். வெறும் சாம்பல் நிறம். கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பார்க்கச் சொன்னான். அட்டைக்குள் ஒரு மீன் நின்றது! கழற்றினேன், மீன் இல்லை. போட்டேன், இருந்தது. அவனுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையும் அவனுடையது, கண்ணாடியும் அவனுடையது. இவன் மீன் இவன் கண்ணாடிக்குத் தெரிவதில் என்ன அதிசயம்?

அவன் என் போனை வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பினான். திரை இருண்டு, அணைந்தே போய்விட்டது. போனைக் கெடுத்துவிட்டான் என்று பிடுங்கிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றினால் போன் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி இருண்டால்தான் அசல் போலரைஸ்டு என்று அர்த்தமாம். தண்ணீர்மேல் வெயில் பட்டுத் தகதகக்கிறதே, அந்தத் தகதகப்பை மட்டும் இந்தக் கண்ணாடி அரித்து நிறுத்திவிடும். மிச்ச வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால்தான் தண்ணீருக்குக் கீழே இருப்பது தெரிகிறது. இதைப் பிறகு பவி எனக்கு இரண்டு தடவை விளக்கினாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் தண்ணீருக்குள் பார்த்து மீன் பிடித்தவர்கள் இல்லை. கண்மாய் வற்றி, ஊருக்கு மீன் பிடிக்க விடும் நாளில், கரையில் துண்டை வீசியதும் மொத்தச் சனமும் இறங்கும். முதல் வேலை தண்ணீரைக் கலக்குவது. காலால் சேற்றை உழுது உழுது கலக்கினால்தான் மீன் மூச்சு முட்டி மேலே வரும். ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கைவிட்டுத் துழாவுவோம். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் தண்ணீருக்குள் பார்க்க ஒரு கண்ணாடி என்றதுமே எனக்கு அதன்மேல் பாதி நம்பிக்கை போய்விட்டது.

ஆனாலும் வாங்கினேன். சீப். வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு வாசல் நிலையைப் பார்த்தபடி தலையை மெதுவாக அசைத்தேன். நேராக நிற்கிற நிலை ஓர் இடத்தில் நெளிந்தது. கண்ணாடி சரியில்லை என்றால் அப்படித்தான் நெளியுமாம். நிலையே கோணலாக இருக்கலாம் என்ற சந்தேகமும் வந்தது. வாடகை வீடுதானே.

3

பவிக்கு அந்தக் கண்ணாடி பிடிக்கவில்லை. வெறும் கறுப்பாக இருந்து, வெயிலின் கெட்ட கதிரை நிறுத்தாவிட்டால், இருட்டில் கண் பாப்பா விரிந்து கெடுதல் கூடுதலாக உள்ளே போகுமாம். ஒரு பெரிய கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே கண் பார்க்கிற அம்மா ஒருவரே கண்ணையும் சோதிப்பார், கண்ணாடியும் விற்பார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தராசும் அவருடையது, பருத்தியும் அவருடையது.

அந்த அம்மா என் சந்தைக் கண்ணாடியை வாங்கி ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு என் முகத்துக்கு நேராக ஒரு விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு பவியிடம் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார். விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். என்னைப் பார்த்தார், மறுபடியும் பேசினார். பவி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதே போதும்னு சொல்றாங்கப்பா. கெட்ட கதிரு உள்ள வராதாம்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கம். அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். அது இன்னும் கண்ணுக்குப் பக்கத்தில் நின்றது.

காரில் ஏறியதும் கேட்டேன். "அம்புட்டு நேரம் பேசுச்சே அந்தம்மா. நீ ஒரு வரியில முடிச்சிட்ட?"

"அதாம்ப்பா சொன்னாங்க."

"மிச்சம்?"

"மிச்சம் ஒண்ணுமில்ல. ஓரத்துல இடைவெளி இருக்கு, சைடுல மூடுன மாதிரி இருந்தா நல்லதுன்னாங்க. பாக்குறதுக்குப் பளிச்சுன்னு தெரியணும்னா வெலை கூடுனது. கண்ணுக்குன்னா இதுவே போதும்."

"விக்கிற கடைக்காரி, வாங்க வேணாம்னு சொல்றதுக்கு இம்புட்டு நேரம் பேசுவாளா? எந்த ஊர்லயாவது நடக்குமா? அவளும் நீயும் சேந்து எதையோ முழுங்குறீக."

பவி சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு எட்டு வயசுலேர்ந்து உங்களுக்காகப் பேசுறேன்ப்பா. பேங்க், விசா ஆபீஸ், வீட்டுக்காரரு, எல்லாம். டீச்சர் என்னையப் பத்தி உங்ககிட்டச் சொல்றதையும் நானேதான் சொல்லியிருக்கேன். நான் சொல்றத நம்பலைன்னா, இனிமே நீங்களே பேசிக்கோங்க."

சிக்னல் மாறிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

4

பவி ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டாள், சரியாகிவிடும் என்றாள் என் மனைவி. சரியாகவில்லை. சாப்பிட்டீங்களா, வண்டி எடுக்கட்டுமா என்ற அளவில் பேச்சு இருந்தது. இங்கிலீஷ் மட்டும் இல்லை.

அவள் வாய் இல்லாமல் நான் இங்கே ஊமை என்று எனக்கு முன்பே தெரியும். எவ்வளவு ஊமை என்று அந்த வாரம்தான் தெரிந்தது. கரண்ட் கம்பெனிக்குப் போன் போட்டேன். இயந்திரம் பேசியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. அழுத்தினேன். கடைசியில் ஒரு மனுசக் குரல் வந்ததும் பயந்து வைத்துவிட்டேன். அடுத்த அறையில் பவி இருந்தாள். கேட்டிருப்பாள். வரவில்லை.

சந்தேகம் ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு என் காசு வீணாகிறதே என்ற அக்கறையா? சீக்கிரம் கிளம்பிச் சிநேகிதிகளோடு போக வேண்டுமா? இல்லை, அந்த அம்மா என்னைப் பற்றி, என் அழுக்குச் சட்டையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டாரா? கடைசியில் இப்படி முடிவு செய்தேன்: சீப்பானது போதும் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறார்கள் என்றால், எனக்கு வேண்டியது விலை கூடியதுதான்.

தூண்டில் சாமான் விற்கும் கடைக்கு நானே போனேன். "சன். ஐ. சைடு, சைடு" என்று இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக் காட்டினேன். கடைக்காரப் பையன் கெட்டிக்காரன். கன்னத்தோடு வளைந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். சாம்பல் நிறம் ஆழக்கடலுக்கு, இந்தப் பழுப்பு நிறம் கரையோரத் தண்ணீருக்கு என்று சுவரில் இருந்த படத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். போனைத் திருப்பிப் பார்த்தேன், இருண்டது. கடை வாசலைப் பார்த்துத் தலையை அசைத்தேன், நெளியவில்லை. சந்தையில் வாங்கியதைப் போல் பத்துப் பங்கு விலை. விலைச் சீட்டை மனைவி கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன்.

திங்கட்கிழமை கழியில் இறங்கினேன். முழங்கால் தண்ணீர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

என் கால் தெரிந்தது.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு என் பாதத்தை, விரல் நகம் வரைக்கும், நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி மணல்மேல் நிழல்கள் ஓடின. நிழலுக்கு மேலே, நிழலைவிட வெளிறி, மடவை மீன் கூட்டம். அட்டை மீன் இல்லை. நிஜ மீன். ஒன்று திரும்பியபோது அதன் வயிறு வெள்ளையாக மின்னியது.

தூண்டிலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மீன் என்றதும் என் கால் தானாக உழ ஆரம்பித்துவிட்டது. குதிகாலால் அழுத்தி, இழுத்து, சுற்றி, எங்கள் கண்மாயில் இறங்கிய அதே உழவு. நொடியில் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா! கலக்காதீங்க!"

கரையில் பவி நின்றாள்.

"கலக்குனாத்தான் ஆத்தா மீனு மேல வரும்!"

"கலக்குறதுக்கா இம்புட்டு வெலையில கண்ணாடி வாங்குனீங்க?"

விலை அவளுக்கு எப்படித் தெரியும் என்று திக்கென்றது. கிழித்த சீட்டைக் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்தாளா? இல்லை. கண்ணாடிக் காலின் ஓரத்திலேயே கம்பெனிப் பெயர் பெரிதாக இருந்தது.

5

நான் கரைக்கு ஏறி வந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது.

"நாளைக்குக் காலையில நீங்க ஓட்டலுக்கு லீவு சொல்லணும்ப்பா."

"எதுக்கு?"

"கண் டாக்டர். நான் அன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன்."

நான் கண்ணாடியைக் கழற்றினேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மா அன்று கண்ணாடியைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் என் கண்ணைப் பற்றி. சதை கருவிழியின் விளிம்பைத் தாண்டிவிட்டதாம். கண் பாப்பா வரை வந்தால் பார்வை மங்கும். தள்ளிப்போடாமல் பெரிய டாக்டரிடம் காட்டு, வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம் என்றாராம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? அன்னைலேர்ந்து தூங்கியிருக்க மாட்டீங்க. கண்ணாடி முன்னாடி நின்னு இமைய இழுத்து இழுத்துப் பாத்திருப்பீங்க. காலையில கூட்டிட்டுப் போறப்ப சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

நான் சந்தேகப்பட்டது சரிதான். அந்த அம்மா ஒரு வரிக்கு மேல் பேசியிருக்கிறார், மகள் முழுங்கியிருக்கிறாள். என் சந்தேகம் சரியாக இருந்த தடவைகள் குறைவு. இருந்தாலும் அதில் ஒரு ருசியும் இல்லை.

"இதுக்கு முன்னாடியும் இப்படி முழுங்கியிருக்கியா?"

காலால் மணலைக் கீறினாள்.

"சொல்லு. ஏச மாட்டேன்."

"மொத வீட்டுக்காரரு, ஜன்னலத் திறந்து வைக்கச் சொன்னாருன்னு சொன்னேன்ல? அவரு அதச் சொல்லல."

"பெறகு?"

"உங்க கருவாட்டு வாசம் செவுத்துல ஏறிப்போச்சு, நீங்க காலி பண்ணுனா பெயின்ட் அடிக்கிற செலவு உங்க தலையிலதான்னு கத்துனாரு. இன்னும் ஏதோ சொன்னாரு. அதுல பாதி வார்த்தை எனக்கு அப்பத் தெரியாது. நல்ல வார்த்தை இல்லன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. அதான், ஜன்னலத் திறந்து வைங்கன்னு சொன்னேன்."

அந்தக் குளிர்காலம் எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், சட்டமாக இருக்கும், மீறினால் விசாவில் எழுதிவிடுவார்களோ என்று பயந்து, இரவும் பகலும் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். மூன்று பேரும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, போர்வைக்குள் பல் கிடுகிடுக்கப் படுத்திருந்தோம். பவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள். சாத்திடலாம்ப்பா என்று ஒரு நாள் கேட்டாள். வீட்டுக்காரர் சொன்னதை மீறக்கூடாது என்று நான்தான் அவளை அதட்டினேன்.

அவள் அதை நினைத்துச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தச் சேற்றுத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் மெல்லத் தெளிந்தது. மடவை வரவில்லை.

"நாளைக்கு டாக்டரு சொல்றது எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணையும் குறைக்காத" என்றேன்.

"தூங்க மாட்டீங்க."

"தூங்காட்டிப் போறேன்."

"அப்ப நான் சொல்றத நம்பணும்."

"சரி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

6

டாக்டர் பேசினார், பவி சொன்னாள். அவர் நிறுத்தினால் இவள் ஆரம்பித்தாள், இவள் நிறுத்தினால் அவர். சதையை வெட்டி எடுக்க வேண்டும். சின்ன ஆபரேஷன்தான், மரத்துப்போக மருந்து விட்டுச் செய்வார்கள். ஆனால் சிலருக்கு மறுபடி வளரும். வெட்டிய இடத்தைத் தையல் போட்டும் மூடலாம், பசை வைத்தும் ஒட்டலாம். அடுப்பு முன்னால் சில வாரம் நிற்கக்கூடாது. "பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா தள்ளிப்போடக் கூடாது" என்பதை அவர் சொன்ன மாதிரியே தலையைச் சாய்த்துச் சொன்னாள். நான் டாக்டரின் கையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதுபோலவே அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

ஊரில் கண்ணாடி வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கெட்ட கதிரை நிறுத்த என் சீப்பான கண்ணாடியே போதுமானதாக இருந்தது. ஆனால் அதை இயந்திரத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அட்டை மீனைப் பார்த்து அல்ல. விலை கூடியது வாங்கினால் நெளியாமல் தெரியும், ஓரம் மூடும், தலை வலிக்காது. இரண்டுமே தகதகப்பைத்தான் எடுக்கும். சேற்றை எடுக்காது. கண்மாய்த் தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடி எந்தக் கடையிலும் இல்லை.

இதைச் சொல்லத்தான் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் நம்பவில்லை.

"நீ அனுப்பச் சோம்பேறித்தனப்பட்டுச் சொல்றலே. சரி, அத விடு. கண்ணுல சதைன்னு சொன்னியே, டாக்டருட்டப் போனியா?"

"போனேண்ணே."

"என்ன சொன்னாக?"

பவி சோபாவில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. கத்தி என்று சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"ஒண்ணுமில்லண்ணே. கண்ணாடி போட்டாப் போதும்னுட்டாக."

"அம்புட்டுத்தானா? ரொம்ப நேரம் பாத்தாகன்னு உன் பொண்டாட்டி சொல்லுச்சு. அம்புட்டு நேரம் பாத்துட்டு ஒரு வரியா சொன்னாக? ஏலே, எதையும் முழுங்குறியா? போன பவிட்டக் குடு."

நான் எழுதுகிற இது பத்திரிகையில் அச்சாகி ஊருக்கு வரும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும். அண்ணன் படித்துவிட்டு ஏசட்டும். போனில் பேசிய அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை நீட்டினேன். அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"ஆமா பெரியப்பா" என்றாள். "கண்ணாடி போட்டாப் போதும்னுதான் சொன்னாங்க."

வெளியே குளிர்க்காற்று கிளம்பியிருந்தது. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.